இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: நிறம் மாறும் சாயங்களும் பிஎச் கணக்கும்

நாளிதழ் வாசிக்கிற எல்லோருக்கும் பழகிப்போன செய்தி இது. பட்டா பெயர் மாற்ற ஒருவர் லஞ்சம் கேட்டார், புகார் போனது, லஞ்ச ஒழிப்புப் போலீசார் ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தனுப்பினார்கள், வாங்கியவர் கையும் களவுமாகச் சிக்கினார். அந்த ரசாயனம் என்ன என்று செய்தியில் பெரும்பாலும் இருக்காது. அதன் பெயர் ஃபீனால்ப்தலீன். மெல்லிய வெள்ளைத் தூள். நோட்டில் தடவியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. பணத்தை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் முக்கச் சொல்வார்கள். சோடியம் கார்பனேட் என்றால் வேறொன்றுமில்லை, சலவைச் சோடா. அதுவரை நிறமில்லாமல் இருந்த தண்ணீர் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறிவிடும். அதைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

ஃபீனால்ப்தலீன் போலீசுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-ல் தயாரித்த பொருள் அது. ஒரு திரவம் வேதியியல் பொருளில் காரமானதா என்று பார்க்க ஆய்வகங்களில் இரண்டு சொட்டு விடுவார்கள். போலீசார் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார்கள். ஆய்வகத்தில் சாயம் எதுவென்று தெரியும், திரவம்தான் கேள்வி. இங்கே திரவம் காரம் என்று முன்பே தெரியும், விரலில் சாயம் இருக்கிறதா என்பது கேள்வி. இரண்டிலும் நடக்கும் வேதியியல் ஒன்றுதான்.

இப்படி அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறு நிறமும் காட்டும் பொருள்களை நிறங்காட்டி என்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த லிட்மஸ் ஞாபகத்துக்கு வரும். அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும், இரண்டு மதிப்பெண். அதை மனப்பாடம் செய்ததாலேயே நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் தங்கிவிட்டது. நிறங்காட்டி அமிலத்தன்மையை அளக்கும் என்று நினைக்கிறோம். அது எதையும் அளப்பதில்லை. தனக்கென்று ஒரு கோடு வைத்திருக்கிறது. திரவம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். அந்தக் கோடு எங்கே என்பது சாயத்துக்குச் சாயம் வேறு.

கோட்டைப் பற்றிப் பேச முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். அதுதான் பிஎச்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறு. தமிழில் காரம் என்றாலே நாக்கு மிளகாயை நினைக்கும். வேதியியல் காரம் அதுவல்ல. சுண்ணாம்பு, ஆப்பச்சோடா, சலவைச் சோடா, சோப்பு ஆகியவை காரங்கள்; கையில் வழவழப்பாக இருக்கும். மிளகாயின் காரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, பிஎச். புளிப்புக்குப் பின்னால் இருப்பது ஹைட்ரஜன் அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜன். தண்ணீரில் அது கூடினால் அமிலம், குறைந்தால் காரம். சுத்தமான தண்ணீரிலும் கொஞ்சம் உண்டு. எவ்வளவு என்றால், 25 டிகிரி செல்சியஸில் ஒரு கோடி லிட்டர் தூய நீரில் மொத்தம் ஒரு கிராம். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணி லாரிகளில் எண்ணூறுக்கு மேல் நிறுத்தினால்தான் அந்த ஒரு கிராம் கிடைக்கும். ஒரு கோடியை எண்ணால் எழுதிப் பாருங்கள்: 1,00,00,000. ஏழு சைபர். தூய நீரின் பிஎச் 7. அவ்வளவுதான் கணக்கு. எத்தனை லிட்டரில் ஒரு கிராம் ஹைட்ரஜன் அயனி இருக்கிறதோ, அந்த எண்ணின் சைபர்களை எண்ணினால் பிஎச்.

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் இரண்டுக்குச் சற்று மேல். இரண்டு சைபர் என்றால் நூறு லிட்டர், அதாவது வீட்டு வாசலில் இருக்கும் நீல டிரம்மில் பாதி. இளநீருக்கு ஏறக்குறைய 5. ஒரு லட்சம் லிட்டர் தேவைப்படும். மறுபக்கம் போனால் எண்கள் மிரட்டும். சலவைச் சோடாக் கரைசலின் பிஎச் 11 என்று வைத்துக்கொள்வோம். பதினொரு சைபர் என்றால் பத்தாயிரம் கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. லிட்டருக்கு மாற்றினால் பத்தாயிரம் கோடிக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. ஏரி முழுக்கச் சலவைச் சோடாக் கரைசல் நிரம்பியிருந்தாலும் அதில் இருக்கப்போகும் ஹைட்ரஜன் அயனி மொத்தமே ஒரு கிராம்தான்.

இவ்வளவு சைபர்களை எழுதிச் சலித்துப்போய்தான் இந்த அளவுகோல் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த டென்மார்க் வேதியியலர் சோரென் சோரென்சென், என்சைம்கள் எந்த அளவு அமிலத்தில் நன்றாக வேலை செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1909-ல் அவர் சைபர்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும் என்று முடிவு செய்தார். இதில் ஒன்றை மறக்கக் கூடாது. பிஎச்சில் ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 4-ஐ விட பிஎச் 3 பார்ப்பதற்குக் கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு அதிகம்.

இப்போது சாயத்துக்கு வருவோம். நிறங்காட்டியின் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் தொற்றிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. அது உட்கார்ந்திருந்தால் ஒரு நிறம், கழன்றுவிட்டால் வேறு நிறம். தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிகள் நெரிசலாக இருந்தால் காலி இடம் உடனே நிரம்பிவிடும். அயனிகள் அரிதானால் உட்கார்ந்தது கழன்று போகும், புதிதாக வர ஆள் இருக்காது. எந்த பிஎச்சில் சரிபாதி மூலக்கூறுகள் கழற்றிவிட்டு நிற்கின்றனவோ, அதுதான் அந்தச் சாயத்தின் கோடு. ஹைட்ரஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் சாயத்துக்குக் கோடு மேலே இருக்கும். லேசாக விட்டுவிடும் சாயத்துக்குக் கீழே இருக்கும்.

கோடு என்று சொன்னாலும் அது பென்சில் கோடு அல்ல, பட்டையான கோடு. ஒரு நிறம் இன்னொன்றைவிடப் பத்து மடங்கு அதிகமானால் நம் கண் பெரிய பங்கை மட்டுமே பார்க்கும். அதனால் பொதுவாக ஒன்றரையிலிருந்து இரண்டு பிஎச் அகலத்துக்குள் மாற்றம் நடந்து முடிந்துவிடும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்குக் கீழே சிவப்பு, 4.4-க்கு மேலே மஞ்சள். புரோமோதைமால் நீலம் 6.0-க்குக் கீழே மஞ்சள், 7.6-க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. ஃபீனால்ப்தலீன் 8.2 வரை நிறமற்றது, 10 வாக்கில் முழு இளஞ்சிவப்பு.

ஒரு ஹைட்ரஜன் போனதற்காக நிறமே ஏன் மாற வேண்டும்? மூலக்கூறுக்குள் எலக்ட்ரான்கள் உலவும் தூரம் மாறிவிடுகிறது. ஃபீனால்ப்தலீனில் மூன்று வளையங்கள் உண்டு. அமிலத்தில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிற்கும்; நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை மட்டும் விழுங்கும். காரத்தில் எலக்ட்ரான்கள் வளையங்களைத் தாண்டிப் பரவும். அப்போது பச்சை ஒளியை விழுங்க ஆரம்பிக்கிறது. பச்சை போனால் மிச்சம் நம் கண்ணுக்கு இளஞ்சிவப்பு.

இதே விஷயம் நம் வீடுகளில் பேயர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நடந்துவருகிறது. பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் ஆரத்தி கரைப்பார்கள். தண்ணீரில் மஞ்சள் தூள், அதில் ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பு. ரத்தச் சிவப்பு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஒரு நிறங்காட்டி. அதன் கோடு ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரோ பிஎச் 12-க்கு மேல். கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. சுற்றி முடித்து மிச்சமான ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். சின்ன வயதில் அதைச் செய்துவிட்டு நான் வாங்கிய திட்டு தனிக்கதை. சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் கறை திடீரென்று சிவப்பாகிப் பதறவைப்பதும் இதுதான். நன்றாக அலசினால் சிவப்பு போய் மஞ்சள் திரும்பும். அந்த மஞ்சளை வெயிலில் போடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது, வெளுத்துவிடும்.

ஆனால் மஞ்சள் ஒரு கோட்டை மட்டும் வைத்திருக்கும் சாயம் என்பதை மறந்தால் ஏமாந்துபோவோம். எலுமிச்சைச் சாறு, பால், குழாய்த் தண்ணீர் மூன்றும் மஞ்சளிடம் ஒன்றுதான். எல்லாம் கோட்டுக்குக் கீழே. ஆப்பச்சோடாக் கரைசல் 8.3 அளவில் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் லேசான செம்பழுப்புதான் வரும். சுண்ணாம்பின் சிவப்பு வராது. இன்னொரு குழப்பமும் உண்டு. மஞ்சளோடு வெங்காரமும் (போராக்ஸ்) எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்யும் குங்குமத்தின் சிவப்பு காரத்தால் வந்ததல்ல. வெங்காரத்தில் உள்ள போரானும் குர்குமினும் சேர்ந்து உருவான வேறொரு பொருள் அது. சிவந்ததெல்லாம் காரமில்லை.

லிட்மஸுக்கும் இதே வரம்பு. அது லைக்கன் என்னும் பாசிக்காளானிலிருந்து எடுக்கப்படும் சாயம். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் லிட்மஸ் வருவது ரோசெல்லா போன்ற வேறு இனங்களிலிருந்து. லிட்மஸ் முழுச் சிவப்பிலிருந்து முழு நீலத்துக்குப் போக 4.5 முதல் 8.3 வரை எடுத்துக்கொள்கிறது. அகன்ற, சோம்பேறியான கோடு. பால், மழைநீர், குடிநீர் எல்லாம் அந்த இடைவெளிக்குள் விழுந்து ஊதாவாகக் குழப்பும். பள்ளிக்கூடம் கொடுத்த பெருமைக்கு லிட்மஸ் தகுதியானதில்லை என்பது என் எண்ணம்.

அப்படியானால் ஒரு திரவத்தின் பிஎச்சை நிறத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சாயத்திடம் கேட்காமல் பல சாயங்களிடம் கேட்க வேண்டும். இளநீரை எடுத்துக்கொள்வோம். ஒரு குவளை இளநீரில் ஃபீனால்ப்தலீன் விட்டால் நிறமில்லை. அது 8.2-க்குக் கீழே என்று தெரிகிறது. அதனால் பெரிய பயனில்லை, எலுமிச்சைச் சாறும் இதையேதான் காட்டும். இன்னொரு குவளையில் மெத்தில் ஆரஞ்சு விட்டால் மஞ்சள். இளநீர் 4.4-க்கு மேலே. கவனியுங்கள், சோப்புத் தண்ணீரிலும் மெத்தில் ஆரஞ்சு இதே மஞ்சள்தான். மூன்றாவது குவளையில் புரோமோதைமால் நீலம், அதுவும் மஞ்சள். அப்படியானால் 6.0-க்குக் கீழே. இரண்டு மஞ்சள்களும் சேர்ந்து இளநீரை 4.4-க்கும் 6.0-க்கும் நடுவில் அடைத்துவிட்டன. நான்காவதாக 4.4-க்கும் 6.2-க்கும் இடையே சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும் மெத்தில் சிவப்பு கிடைத்தால், அது காட்டும் ஆரஞ்சை வைத்து இன்னும் நெருங்கலாம். தனித்தனியாக ஒவ்வொரு சாயமும் சொன்னது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மட்டும். எண் வந்தது நாம் செய்த ஒப்பீட்டில்.

கடையில் கிடைக்கும் பிஎச் தாளும், பொது நிறங்காட்டி என்று பாட்டிலில் வரும் திரவமும் இந்த வேலையை ஒரே இடத்தில் செய்கின்றன. வெவ்வேறு கோடுள்ள நான்கைந்து சாயங்களை அளவாகக் கலந்துவைத்திருப்பார்கள். திரவத்தின் பிஎச் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தன் முறை வரும்போது நிறம் மாறும். மொத்தக் கலவை சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று நகரும். 7 அருகே பச்சை வருவது இயற்கையின் விதி அல்ல, அப்படி வரும்படி கலந்திருக்கிறார்கள்.

கலவை வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை, சில பூக்களுக்குள்ளேயே பல கோடுகள் இருக்கின்றன. 1664-ல் ராபர்ட் பாயில் ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதிவைத்தார். அதே குடும்பச் சாயமான ஆந்தோசயனின் நம் வீட்டு வேலியில் இருக்கும் சங்குப்பூவிலும், செம்பருத்தியிலும், கடையில் விற்கும் ஊதா முட்டைக்கோஸிலும் உண்டு. பிஎச் ஏறும்போது இந்த மூலக்கூறு ஒரு முறை அல்ல, படிப்படியாகப் பல முறை உருமாறுகிறது.

எனக்குப் பிடித்தது சங்குப்பூதான். பத்துப் பன்னிரண்டு நீலப் பூக்களை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு மூடிவைத்து வடிகட்டினால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். ஐந்து சிறு கண்ணாடிக் குவளைகளில் இதைப் பிரித்து ஊற்றிக்கொண்டு, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் தெளிந்த மோர் நீர், ஒன்றில் ஒன்றும் போடாமல், ஒன்றில் ஆப்பச்சோடா, கடைசியில் சுண்ணாம்பின் தெளிந்த நீர். எலுமிச்சையில் ஊதா கலந்த சிவப்பு, மோர் நீரில் அதைவிட மெலிந்த ஊதாச் சாயல், சோடாவில் நீலம் கொஞ்சம் பச்சைக்குச் சாயும், சுண்ணாம்பில் பச்சை. சுண்ணாம்புக் குவளையை அப்படியே விட்டுவைத்தால் பச்சை மெல்ல மஞ்சளாக மங்கும். அந்தக் கடைசி மாற்றத்தை எலுமிச்சை பிழிந்து திருப்ப முடியாது. காரத்தில் சாயமே சிதைந்துபோகிறது. பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் இருப்பது பெட்டாலைன் என்ற வேறு சாயம். 3 முதல் 7 வரை ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருந்துவிட்டு, கடும் காரத்தில்தான் மஞ்சளாகும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆர்வக்கோளாறில் கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்த குவளைகளில் சோதித்துவிட்டு ஒரே வாளியில் கொட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

நிறத்தை நம்பக் கூடாத இடங்களும் இருக்கின்றன. புளிக்கரைசல், காபி போன்றவற்றில் திரவத்தின் சொந்த நிறம் சாயத்தை மறைத்துவிடும். குளோரின் அதிகமுள்ள நீச்சல்குளத் தண்ணீர் சாயத்தையே வெளுத்துவிடும். வெளுத்ததைப் பார்த்து அமிலம் என்று நினைத்துக் காரத்தைக் கொட்டினால் போச்சு. ஆர்ஓ தண்ணீர் இன்னொரு வகைத் தொல்லை. அதில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு, எதிர்த்து நிற்கத் திராணி இல்லாத தண்ணீர். நிறங்காட்டியே ஒரு மெலிந்த அமிலம் என்பதால், தாளில் உள்ள சாயம் பிஎச்சை அறிவதற்குப் பதிலாக அதைக் கொஞ்சம் நகர்த்திவிடும். சொட்டுச் சொட்டாக, குறைவாக விடச் சொல்வது இதற்காகத்தான். நிறத்தை வெள்ளைக் காகிதத்தின் முன், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தசம இடத்தில் துல்லியம் வேண்டுமென்றால் நிறத்தை விட்டுவிட்டு பிஎச் மீட்டரை எடுப்பதுதான் சரி.

ஆனால் நிறங்காட்டியின் உண்மையான ராஜ்ஜியம் பிஎச் பார்ப்பதில் இல்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வதில் இருக்கிறது. பிஎச் என்பது இப்போது தண்ணீரில் சுற்றிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் அயனிகளின் கணக்கு மட்டும். கையிருப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. கடை வினிகரை ஏழு மடங்காக நீர்த்தால் பிஎச் சுமார் 2.9 வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அதே 2.9 வரும்வரை நீர்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிஎச் தாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இரண்டையும் காரம் விட்டுச் சமன் செய்யப் போனால், வினிகருக்கு ஏறக்குறைய 80 மடங்கு அதிகக் காரம் தேவைப்படும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தன் ஹைட்ரஜன் முழுவதையும் வெளியே விட்டுவிட்டது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் பெரும்பகுதியைக் கைக்குள் வைத்திருக்கிறது, கேட்கக் கேட்கக் கொடுக்கும்.

இந்தக் கையிருப்பைக் கண்டுபிடிக்கும் முறைதான் தரம்பார்த்தல். பியூரெட் என்னும் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் செறிவு தெரிந்த காரம், கீழே கூம்புக் குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு ஃபீனால்ப்தலீன். குடுவையைச் சுழற்றிக்கொண்டே காரத்தை விட வேண்டும். விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றி மறையும். அமிலம் தீரும் நேரத்தில் பிஎச் நிதானமாக ஏறாது, ஓரிரு சொட்டில் பல படிகளை ஒரே தாவாகத் தாவும். சாயத்தின் கோடு அந்தத் தாவலின் வழியில் இருந்தால் போதும். பட்டையான கோடாக இருந்தாலும் கவலையில்லை. மறையாத மெல்லிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தி, பியூரெட்டில் எத்தனை மில்லி இறங்கியது என்று பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கூடிப் போய் அடர் சிவப்பானால் முதலிலிருந்து. ஆய்வகத்தில் நாங்கள் பக்கத்து மேசை அளவைத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தது அந்தச் சொட்டுக்கு முன்னால் நிறுத்தத்தான்.

நல்ல முடிவு கிடைத்த குடுவையைக் கழுவாமல் வைத்திருந்தவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பு தானாக மறைந்துவிடும். சோதனை தவறியதாக அர்த்தமில்லை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் கரைந்து மெலிந்த அமிலமாகிறது. மிச்சமிருந்த சொற்பக் காரத்தை அது தின்றுவிட்டு, பிஎச்சைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடுகிறது.

குடுவையில் நிமிடங்களில் நடக்கும் இதே வேலை கான்கிரீட் தூணில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. நல்ல கான்கிரீட்டின் உள்ளே பிஎச் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் கடும் காரம்தான் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்ஸைடு வெளிப்புறத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து காரத்தைத் தின்றுகொண்டே போகும். தின்ற பகுதியில் பிஎச் 9-க்குக் கீழே இறங்கிவிடும். பழைய கட்டடத்தைச் சோதிக்க வரும் பொறியாளர் ஒரு துண்டைப் புதிதாக உடைத்து, அல்லது துளைத்து எடுத்து, உடைந்த முகத்தில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார். உள்பகுதி அடர் இளஞ்சிவப்பாகும். வெளி ஓரத்தில் ஒரு பட்டை சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அப்புறம் அவர் பையிலிருந்து எடுப்பது ஒரு சாதாரண ஸ்கேல். நிறம் மாறாத பட்டை எத்தனை மில்லிமீட்டர், கம்பி எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, இரண்டையும் அளந்து குறித்துக்கொள்வார்.